ஒப்பனை செய்தவர் பெயர் எங்கே அச்சாகிறது?

தென்காசியை ஒட்டியிருக்கும் குத்துக்கல்வலசை போன்ற ஊரில் பார்லர் வைத்து மணப்பெண் அலங்காரம் செய்யும் ஒரு பெண்ணின் கைபேசியைத் திறந்தால் நூற்றுக்கணக்கில் முகங்கள் இருக்கும். வரவேற்புக்குப் போட்ட மேக்கப், விடிகாலை மூன்று மணிக்கு மண்டபத்து மாடியறையில் டியூப்லைட் வெளிச்சத்தில் போட்ட முகூர்த்த மேக்கப், சடங்கு வீடு, வளைகாப்பு என்று வரிசையாகப் போகும். உள்ளூரில் அடுத்த கல்யாணத்தைப் பிடிக்க அது போதும். அதே பெண் சென்னையில் ஒரு விளம்பரப்பட நிறுவனத்திடமோ, கொச்சியில் ஒரு ஃபேஷன் புகைப்படக்காரரிடமோ வாய்ப்புக் கேட்டுப் போனால், படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு அவர்கள் கேட்பது ஒன்றுதான்: “எதிலாவது வந்திருக்கா?”

பத்திரிகை, காலண்டர், விளம்பரம், புத்தக அட்டை, எதுவானாலும் சரி. அச்சில் வந்த வேலைக்கு ஒப்பனைக் கலைஞரின் போர்ட்ஃபோலியோவில் தனி மதிப்பு உண்டு. அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது, பெருநகரத்தில் இல்லாதவருக்கு அது எந்த வழியில் கிடைக்கும், எந்த வழியில் கைக்காசு மட்டும் கரையும் என்பதைத் தென்காசியில் நின்று பார்க்க முயல்கிறது இக்கட்டுரை.

அச்சான வேலை என்று சொல்ல இரண்டு விஷயங்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. நமக்கு வேண்டியவர் அல்லாத ஒருவர், தம் சொந்தப் பொறுப்பில், பல படங்களுக்கு நடுவே அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். படத்தோடு ஒப்பனை செய்தவர் பெயரும் வந்திருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் நாமே போடும் படத்துக்கு முதல் தகுதி இல்லை. நம்மூர்ப் பத்திரிகைகளில் வரும் பெரும்பாலான படங்களுக்கு இரண்டாவது தகுதி இல்லை. இந்த இரண்டாவதைப் பெறுவதுதான் நம் பக்கத்தில் பெரும்பாடு.

முகம் வரைந்தவரின் பெயரை அச்சிடுவது தென்மாவட்டத்துக்குப் புதிய பழக்கமும் அல்ல. நாடகத் திரைச்சீலை எழுதும் வேலையோடு வந்து கோவில்பட்டியில் தங்கிவிட்ட சி.கொண்டையராஜு (1898–1976) வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் பூஜையறைகளுக்குப் போனார்கள். அந்தப் படங்களின் அடிமூலையில் அவர் கையெழுத்தும் போனது. அவருடைய சீடர்களும் அப்படியே பெயர் பெற்றார்கள். தாளில் முகம் எழுதியவருக்குக் கிடைத்த அந்த மூலை, முகத்தின் மேலேயே எழுதியவருக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

சினிமாவில் நிலைமை ஓரளவு மேல். டைட்டிலில் ‘ஒப்பனை’ என்று ஒரு வரி ஆரம்பத்திலிருந்தே உண்டு. எம்.ஜி.ஆருக்கும் என்.டி.ராமராவுக்கும் ஒப்பனை செய்த பீதாம்பரத்தின் பெயர் பழைய ரசிகர்களுக்குத் தெரியும், இயக்குநர் பி.வாசுவின் தந்தை அவர். ‘அவ்வை சண்முகி’ (1996) வந்தபோது ஹாலிவுட்டின் மைக்கேல் வெஸ்ட்மோர் பெயர் டீக்கடை வரை வந்து சேர்ந்தது. ஆனால் விருது என்ற அங்கீகாரம் தாமதமாகத்தான் வந்தது. 1954-இல் தொடங்கிய தேசிய திரைப்பட விருதுகளில் ஒப்பனைக்கென்று தனி விருது சேர்ந்தது 2006-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளும் அது தெற்கே வந்தது: மலையாளத்தின் ‘பரதேசி’க்காகப் பட்டணம் ரஷீத், தமிழின் ‘நான் கடவுள்’ படத்துக்காக வி.மூர்த்தி. ‘நான் கடவுள்’ பார்த்தவர்களுக்கு அந்த விருதின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்த ‘ஒப்பனை’ வரிக்குள் பெண்கள் வர முடியாமல் இருந்த காலமும் நீண்டது. இந்தித் திரையுலகின் ஒப்பனைக் கலைஞர் சங்கம் பெண்களைத் தலையலங்காரக்காரராக மட்டும் சேர்த்துக்கொண்டது. ஒப்பனைக்கான கார்டு ஆண்களுக்கு மட்டும். அமெரிக்காவில் சினிமா ஒப்பனை படித்துத் திரும்பிய சாரு குரானாவுக்கும் அதே பதில்தான். அவர் தொடுத்த வழக்கில் 2014 நவம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம், நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, யு.யு.லலித் அமர்வு, அந்த விதியையும், மகாராஷ்டிரத்தில் ஐந்தாண்டு வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் செல்லாது என்று நீக்கியது. ஆண்பெண் பாகுபாட்டோடு சேர்த்து வெளியூர்க்காரரை ஒதுக்கும் விதியையும் அது நீக்கியது என்பதைச் சிறு ஊர்ப் பெண்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சங்க விதி தடுத்தாலும் கையில் சொல்வதற்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது.

ஆனாலும் சினிமாவை முதல் படியாக நான் சொல்லமாட்டேன். உதவியாளராகச் சேர்ந்தால் ஆண்டுக்கணக்கில் இன்னொருவர் பெயரின் கீழ்தான் வேலை. போர்ட்ஃபோலியோவுக்கு வேண்டிய, தன் பெயர் தாங்கிய நான்கைந்து பக்கங்களை அதற்கு முன்பே தேடிக்கொள்ள முடியும்.

கையிலிருக்கும் கல்யாணப் படங்களையே பத்திரிகைக்கு அனுப்பினால் என்ன என்று தோன்றும். இரண்டு தடைகள் உண்டு. ஒன்று சட்டம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அதை எடுத்தவர். ஆனால் ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை காசு கொடுத்தவருக்கு. ஆகவே கல்யாண ஆல்பம் கல்யாண வீட்டாருடையது. ஒப்பனைக்காரருக்கு அதில் சட்டப்படி எந்தப் பங்கும் இல்லை. இரண்டாவது தடை ஊர் வழக்கம். பெண்ணின் படம் வெளியே போவதை மாப்பிள்ளை வீட்டார் பல நேரம் விரும்புவதில்லை. போட்ட படத்தை எடுக்கச் சொல்லி மறுநாளே போன் வருவது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தது. அவர்கள் கேட்பது நியாயம், எடுத்துவிட வேண்டியதுதான். ஆகவே அச்சுக்கென்றே தனியாகப் படம் எடுத்தாக வேண்டும்.

அதற்குத்தான் ‘கொலாப்’ என்று இன்று எல்லோரும் சொல்லும் முறை இருக்கிறது. புகைப்படக்காரர், ஒப்பனைக்காரர், உடை தருபவர், மாடல் என நால்வரும் கூலி வாங்காமல் ஒரு நாள் வேலை செய்து, கிடைக்கும் படங்களை நால்வரும் பயன்படுத்திக்கொள்வது. உலகப் புகழ்பெற்ற கெவின் ஆக்வானின் தொடக்கமும் இதுதான். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து 1980-களின் தொடக்கத்தில் நியூயார்க் போனவர், புது மாடல்களின் சோதனைப் படங்களுக்குக் காசு வாங்காமல் ஒப்பனை செய்து கொடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்து ‘வோக்’ பத்திரிகை அழைத்தது. பின்னாளில் அவர் எழுதிய ‘மேக்கிங் ஃபேஸஸ்’ (1997) அமெரிக்காவில் அதிகம் விற்ற நூல்களில் ஒன்றானது. இலவசமாக வேலை செய்தது மட்டும் அவரை உயர்த்தவில்லை. யாரோடு சேர்ந்து இலவசமாகச் செய்தார் என்பதில் கவனமாக இருந்தார். தன்னைவிடத் திறமையான புகைப்படக்காரர் அமைந்தால் இலவசம் பலன் தரும். ‘எக்ஸ்போஷர்’ கிடைக்கும் என்று சொல்லி ஒரு கடை தன் விளம்பரத்துக்கு இலவசமாகக் கூப்பிட்டால் போகக் கூடாது. விற்பனைக்குப் பயன்படும் படத்துக்குக் கூலி உண்டு.

மாடல் கிடைப்பது தென்காசியில் எளிதல்ல. கல்லூரிப் பெண்ணைக் கேட்டால் வீட்டில் விடமாட்டார்கள். அதனால்தான் எல்லா கொலாப் படங்களிலும் அதே மணப்பெண் கோலம், அதே நெற்றிச்சுட்டி, அதே குனிந்த பார்வை. பத்திரிகையில் படம் தேர்ந்தெடுப்பவருக்கு வேண்டியது அதுவல்ல. அந்தப் படம் அவர் மேஜையில் ஏற்கெனவே குவிந்திருக்கிறது. வயலில் வேலை செய்யும் அம்மா, பீடி சுற்றும் அக்கா, கரகாட்டக் கலைஞர், நரைத்த தலையோடு எழுபது வயது ஆச்சி ஆகியோரின் சம்மதம் பெற்று, அவர்கள் முகத்தின் கோடுகளை மறைக்காமல் செய்த ஒப்பனையே தேர்வாளரை நிறுத்திப் பார்க்க வைக்கும். சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். படம் எங்கே வரலாம் என்பதை அவருக்குப் புரியும் தமிழில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஒரு கருத்து வலுவாக இருந்தால் படம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 2017 இறுதியில் பரத்வாஜ் சுந்தரும் புகைப்படக்காரர் நரேஷ் நிலும் சேர்ந்து ‘டார்க் இஸ் டிவைன்’ என்றொரு படவரிசை எடுத்தார்கள். காலண்டர்களில் வெள்ளை வெளேரென்று வரும் லட்சுமி, சரஸ்வதி, முருகன், கிருஷ்ணன் எல்லாம் கறுத்த மேனியோடு இருந்தால் எப்படி இருக்கும் என்பதே அதன் கேள்வி. யாரும் அவர்களிடம் கேட்டு எடுக்கச் சொன்ன வேலையல்ல. 2018 ஜனவரியில் பிபிசி வரை அது செய்தியானது. கறுத்த மேனியின் மேல் பொன்னும் குங்குமமும் எப்படி நிற்கின்றன என்பதை அந்த வரிசையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். நம் பக்கத்துப் பெண்களில் பெரும்பாலோர் மாநிறமும் கறுப்பும். அவர்களை இரண்டு ஷேடு வெளுப்பாக்குவதையே அலங்காரம் என்று கேட்டு வாங்கும் ஊரில், அவரவர் நிறத்திலேயே அழகாகக் காட்டிய நான்கு படங்கள் ஒரு கலைஞரை உடனே தனியாக அடையாளம் காட்டிவிடும்.

இன்னொன்று, புகைப்படக்காரர் ஜி.வெங்கட்ராம் 2020-க்காக எடுத்த காலண்டர். ராஜா ரவி வர்மாவின் ஓவியங்களை ரம்யா கிருஷ்ணன், ஷோபனா, சமந்தா, ஸ்ருதி ஹாசன் முதலானோரை வைத்து அப்படியே புகைப்படமாக்கினார். சுஹாசினி மணிரத்னத்தின் ‘நாம்’ அறக்கட்டளைக்காகச் செய்தது. ஓவியத்தின் வண்ணத்தை உயிருள்ள முகத்துக்குக் கொண்டுவருவது முழுக்க முழுக்க ஒப்பனையும் உடையும் விளக்கும் சேர்ந்த வேலை. நல்ல காரியத்துக்கான காலண்டர் என்பதால் பெரிய நடிகைகளும் வந்தார்கள், ஊடகமும் எழுதியது. சிறு அளவில் இதே வழி எந்த ஊருக்கும் பொருந்தும். ரத்த தான அமைப்பு, முதியோர் இல்லம், அரசுப் பள்ளி முன்னாள் மாணவர் சங்கம் என்று ஊரில் காலண்டர் போடுபவர்கள் எத்தனையோ பேர்.

அதுவும் நாம் சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது அங்கே வழக்கம். ஆகவே ஆடி 18-க்கு முன்பே படங்கள் முடிவாகிவிடும். புரட்டாசியில் போய் யோசனை சொன்னால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். ஜவுளிக்கடை, நகைக்கடை முதலாளிகளிடம் வைகாசி, ஆனி மாதங்களிலேயே பேசிவிட வேண்டும். பேசும்போது கூலியோடு சேர்த்து, காலண்டரின் அடியில் புகைப்படக்காரர் பெயரையும் ஒப்பனைக்காரர் பெயரையும் சின்ன எழுத்தில் போடச் சம்மதம் வாங்கிவிட வேண்டும். கொண்டையராஜுவுக்குக் கிடைத்த அந்த மூலையில் இன்றும் இடம் இருக்கிறது.

காலம் என்று சொல்லும்போது ஆடி மாதத்தைத் தனியாகப் பேச வேண்டும். ஆடியில் கல்யாணம் இல்லை. மேக்கப் தொழிலில் இருப்பவர்கள் வருமானம் இல்லாத மாதம் என்று அலுத்துக்கொள்வது வழக்கம். அதே மாதத்தில்தான் செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது. வெயில் இல்லாத மென்மையான வெளிச்சம் பகல் முழுக்க இருக்கிறது. அதையொட்டித்தான் சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரை, சுரண்டை பக்கம் சூரியகாந்தி பூக்கிறது. புகைப்படக்காரர்கள் கேரளத்திலிருந்து கேமராவோடு வந்து இறங்குகிறார்கள். ‘ரோஜா’ (1992) படத்தில் கதாநாயகியின் ஊராக வந்த அதே சுந்தரபாண்டியபுரம். ‘அந்நியன்’ (2005) பாட்டுக்காகப் பாறைகளில் நடிகர்களின் முகம் வரைந்த இடமும் அங்கேதான். தீபாவளி மலர்களுக்குப் பத்திரிகைகள் படம் திரட்டத் தொடங்குவதும் இதையொட்டிய மாதங்களில். கை ஓய்ந்திருக்கும் ஒப்பனைக்காரர், தானே தேடி வரும் புகைப்படக்காரர், இலவச வெளிச்சம், படம் தேடும் பத்திரிகை எல்லாம் ஒரே மாதத்தில் கூடும் வாய்ப்பு சென்னையில் இருப்பவருக்குக் கூடக் கிடையாது.

அங்கே எடுப்பதற்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. சூரியகாந்தி வயல் ஒருவரின் பிழைப்பு. வயல்காரரிடம் கேட்டு, அவர் சொல்லும் தொகையைக் கொடுத்து, வரப்போடு நிற்க வேண்டும். அருவிப் பக்கம் போகிறவர்கள் 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு பள்ளிச் சிறுவன் போனதை மறக்கக் கூடாது. மலையில் மழை பெய்வது கீழே தெரியாது. கோயில்களுக்குள் கைபேசி கொண்டுபோவதற்கே 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. ஆகவே காசி விசுவநாதர் கோயில் தூண்களின் நடுவே மணப்பெண் ஷூட் என்ற ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். அதற்குப் பதில் குற்றாலம் சித்திர சபைக்குப் போய்க் கண்ணால் மட்டும் பார்த்து வரலாம். அந்தச் சுவர் ஓவியங்களில் கண்ணிமையும் புருவமும் எழுதிய விதம் எந்த ஒப்பனை வகுப்பிலும் கிடைக்காத பாடம்.

சாரலில் ஒப்பனை நிற்பது வேறொரு பிரச்சினை. ஈரக்காற்றில் பவுடரைக் கூடுதலாக ஒற்றினால் அரைமணியில் மூக்கோரம் திட்டுத் திட்டாகப் பிரியும். மெல்லிய பூச்சாகப் போட்டு, எண்ணெய் கசியும் இடத்தில் மட்டும் பவுடர் ஒற்றி, அவ்வப்போது டிஷ்யூவால் அழுத்தி எடுப்பதே நிற்கும்.

அச்சில் வரும் முகத்துக்கான ஒப்பனையைத் திரையில் பார்த்து முடிவுசெய்யக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சும். அதில் ஒவ்வொரு மைப்புள்ளியும் கொஞ்சம் பரந்து, படம் முழுவதும் ஒரு படி இருண்டுவிடும். பளபளப்பான பத்திரிகைத் தாளில் அங்குலத்துக்கு 150 கோடு என்ற நெருக்கத்தில் புள்ளி விழும். நாளிதழில் 85 முதல் 100 வரைதான். ஆகவே கைபேசியில் அழகாகத் தெரிந்த அடர்சிவப்பு உதட்டுச்சாயம் நாளிதழில் கறுப்பாகிவிடும். கன்னத்தில் நுணுக்கமாகக் கலந்த நிழல் அழுக்குப் பட்டதுபோல் தெரியும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் கண்ணின் கீழும் மூக்குத் தண்டிலும் சற்றே தூக்கலான வெளிச்சம் வேண்டும். உதடு ஒரு படி இளநிறமாக இருக்க வேண்டும். சிலிகா கலந்த எச்.டி. பவுடரும், டைட்டானியம் டை ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் கலந்த பவுண்டேஷனும் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் முகத்தை வெளிறடித்துக் காட்டும். இவற்றைச் சோதிக்கச் செலவு குறைந்த வழி, உள்ளூர் ஆஃப்செட் அச்சகத்தில் தம் படம் ஒன்றைச் சாதாரணத் தாளில் அச்சடித்துப் பார்ப்பது. இந்தப் பக்குவம் தெரிந்தவரின் படத்தைப் பத்திரிகைக்காரர் திருத்தும் வேலை இல்லாமல் எடுத்துப் போடுவார். அடுத்த முறை அவரே கூப்பிடுவார்.

எந்தப் பத்திரிகை என்ற கேள்விக்கு வருவோம். இந்தியாவில் ‘ஃபெமினா’ 1959-இலும், ‘எல்’ 1996-இலும், ‘வோக்’ 2007-இலும் தொடங்கின. சிகை, ஒப்பனை, உடை, புகைப்படம் என்று ஒவ்வொருவர் பெயரையும் பக்கத்தின் ஓரத்தில் அடுக்கிப் போடும் வழக்கம் இந்தப் பத்திரிகைகளால் இங்கே வேரூன்றியது. அவற்றின் பக்கங்கள் மும்பை, டெல்லிக் குழுக்களால் நிரம்புகின்றன; தென்காசியிலிருந்து நேராக அங்கே குதிக்க முடியும் என்று சொல்லி யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை. தமிழில் ‘அவள் விகடன்’, ‘குமுதம் சிநேகிதி’, ‘குங்குமம் தோழி’ போன்ற பெண்கள் இதழ்களுக்கு அட்டைக்கும் அழகுக் குறிப்புப் பக்கங்களுக்கும் எப்போதும் முகம் தேவை. அழகுக் குறிப்பு எழுதத் தெரிந்த ஒப்பனைக்காரர் எழுத்தோடு படத்தையும் சேர்த்து அனுப்பினால், எழுதியவர் என்ற முறையில் பெயர் தானாகவே வந்துவிடும். பெயர் வர இதைவிடச் சுலபமான வழி தமிழில் இல்லை. ஆனாலும் பலர் இதை முயல்வதே இல்லை. வெறும் படத்துக்குப் பெயர் போடத் தயங்கும் ஆசிரியரும் கட்டுரைக்குப் பெயர் போடாமல் விடமாட்டார்.

பொதிகை எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறினால் விடியும்போது சென்னை. பாலருவி எக்ஸ்பிரஸில் இரவில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். இரண்டாவது ரயிலை நம்மவர்கள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம். மலையாள மனோரமாவின் ‘வனிதா’, மாத்ருபூமியின் ‘கிருகலட்சுமி’ ஆகியவை புகைப்படத்துக்கு அதிக இடம் தரும் பெண்கள் இதழ்கள். சூரியகாந்திக்கும் சாரலுக்கும் இங்கே வரும் கேரளப் புகைப்படக்காரர்களில் ஒருவரோடு நல்ல பழக்கம் ஏற்பட்டாலே அந்தப் பக்கத்துக் கதவு திறக்கும்.

அடுத்து, காசு கொடுத்து வரும் பக்கங்கள். ஆன்லைனில் படம் அனுப்பச் சொல்லும் வெளிநாட்டு இதழ்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒழுங்காகத் தேர்வு செய்பவையும் உண்டு. அவை அனுப்பும் படங்கள் வேறெங்கும் முன்பே வெளிவந்திருக்கக் கூடாது என்று கேட்கும். குழுவிலுள்ள எல்லோர் பெயரையும் கேட்டு வாங்கும். ஷூட் முடிந்த இரவே இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுபவர்கள் இந்த வாய்ப்பை அங்கேயே இழக்கிறார்கள். இன்னொரு வகை, அனுப்பிய மறுநாளே “தேர்வாகிவிட்டது” என்று மின்னஞ்சல் அனுப்பி, பக்கத்துக்கு இவ்வளவு, அட்டைக்கு இவ்வளவு என்று தொகை சொல்லும். கேட்டவருக்கு மட்டும் ஒரு பிரதி அச்சடித்து அதையும் நம்மிடமே விற்கும். வேறு வாசகர் அதற்கு இல்லை. அனுபவமுள்ள எந்தப் புகைப்படக்காரரும் அந்தப் பெயர்களை அடையாளம் கண்டுகொள்வார் என்பதால், போர்ட்ஃபோலியோவில் அது இருப்பதே சந்தேகத்தை உண்டாக்கும். அந்தத் தொகைக்கு நல்ல பிரஷ் செட் ஒன்று வாங்கலாம், அல்லது எர்ணாகுளம் போய்வரலாம்.

உள்நாட்டு இதழாக இருந்தால் சரிபார்க்க ஒரு வழி உண்டு. பழைய 1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பத்திரிகைகள் பதிவுச் சட்டம், 2023, 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முறையான இதழில் ஆசிரியர், வெளியிடுபவர், அச்சிடுபவர், இடம் ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத ‘பத்திரிகை’, விருது விழாவும் அட்டைப்படமும் சேர்த்து ஒரே கட்டணத்தில் தருகிறேன் என்றால், விலகி நிற்பதே நல்லது. ஐ.எஸ்.எஸ்.என். எண் காட்டுவார்கள், அது இதழை அடையாளம் காட்டும் எண் மட்டுமே, தரத்துக்கான முத்திரை அல்ல.

சட்டம் ஒப்பனைக்காரருக்குச் சாதகமாக இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் பாடகர் ஆடம் ஆன்டின் முகத்துப் பட்டைக்கோடுகளைப் பற்றிய வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம், முகத்தில் பூசியதை ஓவியமாக ஏற்க முடியாது என்றது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு ‘கேட்ஸ்’ நாடகத்தின் ஒப்பனைக்கு உரிமை கோரலாம் என்று வேறுவிதமாக வந்தது. ஆனால் பத்திரிகைக்காகச் செய்த தம் ஒப்பனை ஒரு அழகுசாதன நிறுவனத்தின் விளம்பரத்துக்கும் பயன்பட்டதாகச் சொல்லி சாமி மூராபிட் என்ற கலைஞர் நியூயார்க்கில் தொடுத்த வழக்கு 2019-இல் தள்ளுபடியானது. ஆகவே பாதுகாப்பு சட்டத்திலிருந்து வரும் என்று காத்திருக்க முடியாது. பேச்சிலிருந்தும் எழுத்திலிருந்தும்தான் வரவேண்டும். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம். ஷூட்டுக்கு முந்தைய நாள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: “அண்ணாச்சி, நாளைக்கு எடுக்கிற படத்த எந்தப் பத்திரிகைக்குக் குடுத்தாலும் மேக்கப்புன்னு எம்பேரையும் சேத்துக் குடுத்துருங்க. கடை விளம்பரத்துக்குக் குடுக்கிறதா இருந்தா முன்னாடியே ஒரு வார்த்த சொல்லுங்க.” அவர் “சரிம்மா” என்று பதில் போட்டால் அதுவே ஒப்பந்தத்துக்கான சாட்சி. மறந்துவிட்டால் எடுத்துக் காட்டலாம். மறக்கிறவர்கள்தான் அதிகம், வேண்டுமென்று விடுகிறவர்கள் குறைவு.

போர்ட்ஃபோலியோவை அடுக்குவதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வந்த பக்கத்தை முழுதாக, தேதியும் பெயரும் தெரிய ஸ்கேன் செய்து வைக்க வேண்டும். முகத்தை மட்டும் வெட்டி ஒட்டினால் அச்சான வேலை என்பதற்கு ஆதாரம் போய்விடும். பத்துப் பதினைந்து பக்கம் போதும்.

தென்மாவட்டத்தில் அச்சாகும் முகங்களில் மிக வலிமையானவை கல்யாண முகங்கள் அல்ல. குலசேகரப்பட்டினம் தசராவுக்கு முத்தாரம்மன் பெயரில் விரதமிருந்து காளியாக, குறவனாக, ராஜாவாக, கரடியாக வேஷம் கட்டும் பல்லாயிரம் பேரின் முகங்கள்தான் அவை. உலகெங்கிலுமிருந்து புகைப்படக்காரர்கள் வருகிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் நாளிதழ்களின் முழுப்பக்கத்தில் காளியின் முகம் வருகிறது. அந்த முகத்தை விடிய விடிய எழுதியவர் ஊர் தசராக் குழுவோடு வரும் ஒரு வேஷக்காரர். படத்தின் கீழே புகைப்படக்காரர் பெயர் இருக்கும். கணியான் கூத்திலும் அப்படியே. சுடலைமாடன் கொடையில் மகுடம் கொட்ட, அண்ணாவி பாட, பெண் வேஷத்தில் ஆடும் ஆண் கலைஞர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள். கைக்கண்ணாடியை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு, பந்தலின் ஒற்றை பல்பு வெளிச்சத்தில், நடுங்காமல் புருவம் இழுக்கும் அந்தக் கை ஐம்பதாயிரம் ரூபாய் வகுப்பு முடித்த கைக்குக் குறைந்ததல்ல.

பார்லர் நடத்தும் இளம் கலைஞர்கள் இவர்களிடம் போக வேண்டும் என்பது என் விருப்பம். ஒரு தசராக் குழுவோடு ஓர் ஆண்டு உடனிருந்து, அவர்கள் அனுமதியோடு, முகம் எழுதும் முறையைப் படிப்படியாகப் படமெடுத்து, எழுதியவர்களின் பெயரோடு ஒரு கட்டுரையாக்கினால், எந்தத் தமிழ்ப் பத்திரிகையும் மறுக்காது. ஆங்கிலப் பத்திரிகைகளும் மறுக்காது. அந்தக் கட்டுரையில் வேஷக்காரரின் பெயரும் வரும், அதைச் செய்த பார்லர்க்காரரின் பெயரும் வரும்.

மாவட்டத்தில் படம் அச்சிடுபவர்களும் ஒன்று செய்யலாம். 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான தென்காசிக்கு இன்று சொந்தமாகச் செய்திப் பக்கங்கள் இருக்கின்றன. குற்றாலத்தில் சாரல் திருவிழா நடக்கும்போது அழைப்பிதழ், சுவரொட்டி, சுற்றுலா மடிப்பிதழ் எல்லாம் அச்சாகின்றன. நடனக் குழுக்களின் படங்கள் நாள்தோறும் நாளிதழில் வருகின்றன. அந்தப் படங்களுக்குக் கீழே புகைப்படக்காரர் பெயருக்குப் பக்கத்தில் ‘ஒப்பனை’ என்று ஒரு சொல்லும் ஒரு பெயரும் சேர்க்க அரை வரி போதும். படம் அனுப்புபவர் அந்தப் பெயரைக் கேட்டு எழுதி அனுப்பினால் உதவி ஆசிரியர் வெட்டமாட்டார். வெட்டினால், அடுத்த படம் அனுப்பும்போது மறுபடியும் எழுதி அனுப்ப வேண்டும்.